இரண்டாம் வகுப்பின் மூன்று பருவங்களும் வீட்டாரின் பங்கும்

என் தம்பி வடலூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான். நம் பள்ளி பெண்களுக்கானது என்பதால் அவனுக்கு இங்கே இடமில்லை. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. சென்ற ஜூன் மாதம் அவன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடைபெற்றது. அப்பாவுக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. அன்று பகல் ஷிப்ட். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போக வேண்டும் என்றார். "நீதான் படிச்ச பொண்ணு. நீயே போய் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டார். சனிக்கிழமையாக இருந்ததால் நானும் போனேன். தாய்மார்களுக்கு நடுவே பாயில் அமர்ந்து, பதினைந்து வயதில் ஒரு பெற்றோராக அந்தக் கூட்டத்தைக் கவனித்தேன். அங்கே கேட்டவற்றையும், பிறகு அந்த வகுப்பாசிரியையிடமும் நம் சகோதரிகளிடமும் கேட்டு அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். தம்பி தங்கையர் உள்ள மாணவியருக்கும் இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம் என்பது என் எண்ணம்.

முதலில் பருவம் என்பது என்ன என்று பார்ப்போம். நம் தாய் தந்தையர் படித்த காலத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரே புத்தகம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று தேர்வுகள் நடக்கும். ஜூனில் படித்த பாடத்தை ஏப்ரல் வரை நினைவில் சுமக்க வேண்டும். புத்தகத்தையும் அதுவரை தோளில் சுமக்க வேண்டும். 2012-13 ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதற் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். பருவத்துக்கு ஒரு புத்தகம். ஒரு பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிடலாம். என் தம்பி உடனே கப்பல் செய்ய ஆரம்பித்தான். அதை நான் தடுத்துவிட்டேன்.

மதிப்பெண் போடும் விதமும் அப்போது மாறியது. நூறு மதிப்பெண்ணில் 60 பருவத்தின் இறுதியில் நடக்கும் தேர்வுக்கு. இதைத் தொகுத்தறி மதிப்பீடு என்கிறார்கள். மீதி 40 மதிப்பெண் அந்தப் பருவம் முழுவதும் குழந்தை செய்கிற வேலைகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும்; இது வளரறி மதிப்பீடு. பெயர்கள் கடினமாக இருந்தாலும் பொருள் எளிதுதான். சமையலில் குழம்பு கொதிக்கும்போதே உப்புப் பார்ப்பது வளரறி. இலையில் பரிமாறிய பிறகு பார்ப்பது தொகுத்தறி. இந்த உவமை ஆசிரியை கூறியது அன்று. வீட்டில் அம்மாவுக்கு விளக்கும்போது எனக்குத் தோன்றியது.

அடுத்தது, கூட்டத்தில் பலரையும் குழப்பிய செய்தி. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகள் மீண்டும் பள்ளிக்கு வந்தது 2021 நவம்பர் முதல் நாளன்றுதான். நானும் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்தவள். அந்த நீண்ட விடுமுறையில் வாய்ப்பாட்டில் பாதி எனக்கு மறந்தே போயிற்று. பென்சில் பிடிக்கவே கற்காத சின்னஞ்சிறு குழந்தைகள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 2022 ஜூனில் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டத்தை ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கியது. எட்டு வயதுக்குள் ஒரு குழந்தை பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இத்திட்டத்தில் குழந்தைகளை வகுப்பை மட்டும் பார்த்துப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்க்கிறார்கள். பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளில் அமர வைக்கிறார்கள். அரும்பு ஒன்றாம் வகுப்பின் அளவு, மொட்டு இரண்டாம் வகுப்பின் அளவு, மலர் மூன்றாம் வகுப்பின் அளவு. என் தம்பி கணக்கில் மொட்டு, தமிழில் அரும்பு. அதைக் கேட்டதும் எனக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "அப்படின்னா என் புள்ள பெயிலா டீச்சர்?" என்று நேராகவே கேட்டார். நல்ல வேளை, நான் கேட்க வெட்கப்பட்டதை அவர் கேட்டார். ஆசிரியை சிரிக்காமல் பதில் சொன்னார்: "பெயில் இல்லீங்கம்மா. நடக்கத் தெரிஞ்ச புள்ளையையும் தவழற புள்ளையையும் ஒண்ணா ஓடச் சொன்னா ரெண்டும் அழும். தவழறதுக்கு ஏத்த இடத்துல உக்கார வெச்சிருக்கேன். பருவம் முடியறதுக்குள்ள அடுத்த இடத்துக்கு வந்துரும்."

வகுப்பறையையும் சுற்றிக் காட்டினார். ஒரு மூலை பாட்டுக்கு, ஒரு மூலை கதைக்கு, ஒரு மூலை பொம்மலாட்டத்துக்கு, இன்னொன்று குழந்தைகள் தாமே செய்யும் படைப்புகளுக்கு. களம் என்று அவற்றுக்குப் பெயர். பழைய காலுறையில் பொத்தான் தைத்துச் செய்த பூனை ஒன்று பொம்மலாட்டக் களத்தில் தொங்கியது. அதுதான் தம்பி வீட்டில் ஓயாமல் பேசும் பூனை என்று எனக்கு அப்போது புரிந்தது.

இனிப் பெற்றோரிடம் ஆசிரியை எதிர்பார்த்தவற்றைச் சொல்கிறேன். வீட்டுப் பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை! ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப் பாடம் தரக்கூடாது என்றும் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும் 2018-இல் மத்திய அரசு அறிவுறுத்தியிருக்கிறது. அவர் கேட்டவை வேறு. பிள்ளையைத் தினமும் அனுப்ப வேண்டும்; காய்ச்சல் என்றால் யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். நேரத்தோடு அனுப்ப வேண்டும், ஏனெனில் பள்ளியிலேயே காலை உணவு உண்டு. நகம் வெட்ட வேண்டும். மாலையில் "இன்னைக்கு எவ்ளோ மார்க்?" என்று கேளாமல் "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேட்க வேண்டும். எழுத்துத் தப்பினால் அடிக்கக் கூடாது. கூட்டத்துக்கு வர வேண்டும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024-இல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பே மதிய உணவு பெருந்தலைவர் காமராசர் காலத்திலும், 1982-இல் சத்துணவாக விரிந்து எம்.ஜி.ஆர். காலத்திலும் வந்ததை நாம் அறிவோம். பசித்த வயிற்றுக்குச் சோறிடுவது எங்கள் வடலூருக்குப் புதிதன்று. 1867-இல் வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆனாலும் காலையில் அவசரமாகக் கொட்டை உடைக்க ஓடும் ஒரு தாய்க்கு, பிள்ளை பள்ளியில் சூடாகச் சாப்பிட்டிருப்பான் என்ற நினைவு எவ்வளவு நிம்மதி என்பதை என் வீட்டில்தான் பார்த்தேன்.

கூட்டத்துக்கு அழைப்பது ஆசிரியையின் விருப்பம் மட்டுமன்று, சட்டமும் அதுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் பெற்றோரை அடிக்கடி சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. இங்கிலாந்தில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், இந்தப் பருவம் என்ன பாடம், என்றைக்கு உடற்பயிற்சி, வீட்டில் என்ன செய்யலாம் என்று வகுப்பாசிரியர் கடிதம் அனுப்புவது வழக்கமாம். ஜப்பானில் குழந்தையின் பையிலேயே ஒரு தகவல் நோட்டு போய் வருமாம். ஆசிரியர் எழுதுவார், தாய் பதில் எழுதுவார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதத் தெரியாத தாய் என்ன செய்வார்?

என் அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதுவும் நான் சொல்லிக் கொடுத்தது. தம்பி முதலில் சேர்ந்த வேறொரு பள்ளியில், ‘இப்பாடத்தைப் பெற்றோர் வீட்டில் படிக்க வைக்கவும்’ என்று டைரியில் தினமும் எழுதி வரும். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பள்ளியிலிருந்து வரும் வரை காத்திருப்பார். ஒரு நாள் டைரியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அன்று நான் அவரைக் கேலி செய்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கூசுகிறது. இந்தப் பள்ளிக் கூட்டத்துக்கு அவர் வராததற்குக் காரணமும் முந்திரிக்கொட்டை அன்று, அந்த டைரிதான்.

நான் தனியாக வந்ததைக் கண்ட ஆசிரியை, "நீ வந்தது சந்தோஷம்மா. ஆனா அடுத்த தடவை அம்மாவைத்தான் பாக்கணும். எழுதப் படிக்கத் தெரியணும்னு நான் கேக்கலைன்னு சொல்லு" என்றார். முதற் பருவம் முடியும் வரை அம்மா போகவில்லை. அக்டோபர் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழை விடுமுறைகள் இரண்டாம் பருவத்தை எப்போதும் தின்றுவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அப்படி ஒரு மழை ஓய்ந்த மாலையில் தம்பியை விடுவதற்கென்று போன அம்மாவை ஆசிரியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். முந்திரி உடைப்பதாக அம்மா சொன்னார். "அப்ப உங்களுக்கு எண்ணத் தெரியுமே. உங்க பையனுக்குப் பத்துப் பத்தாக் கட்டி எண்ணத்தான் வரலை. வீட்டுல அதைச் செய்யச் சொல்லுங்க, போதும்" என்றாராம்.

அன்றிரவு எங்கள் திண்ணையில் பாடம் தொடங்கியது. முந்திரி உடைத்த கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுத் தோல் கறுத்து உரிந்திருக்கும். சாம்பல் தடவிக்கொண்டு உடைத்தாலும் முழுவதும் தப்ப முடியாது. ரேஷன் கடை இயந்திரத்தில் சில நாள் அம்மாவின் விரல் ரேகையே விழாது. அந்த விரல்களால் அம்மா புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்தார். மூன்று குவியல், தனியாக நான்கு. "எவ்ளோடா?" தம்பி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டு, "குவியலைத் தொடாம சொல்லு" என்றார். நான் முப்பத்து நான்கு என்று சொல்ல வாயெடுத்தேன். என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். நான்காம் நாள் தம்பி குவியலைத் தொடாமல் சொன்னான். பத்துகள், ஒன்றுகள் என்று புத்தகத்தில் இருப்பது இதுதான் என்று நான் காட்டியபோது, "இதுக்குப் போயா இவ்ளோ பெரிய புஸ்தகம்?" என்றார் அம்மா. இடமதிப்பை எனக்குப் பல வாரம் விளக்கிய என் பழைய ஆசிரியை இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என நம்புகிறேன்.

தமிழில் தம்பி முன்னேறியது மெதுவாகத்தான். அம்மா கதை சொல்வார், அதில் வரும் ஐந்து சொற்களை நான் அட்டையில் எழுதுவேன், அவன் படிப்பான். படிக்கும்போது அம்மாவும் எட்டிப் பார்க்கிறார். நாங்கள் கவனித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் தம்பி தமிழிலும் மொட்டுக்கு வந்தான். அந்தச் செய்தியைக் கேட்டு வந்தவர் அம்மாதான், நானல்ல.

இப்போது மூன்றாம் பருவம் நடக்கிறது. பொங்கல், தைப்பூச ஜோதி தரிசனம் என்று முதலில் விழாக்கள் வரும். பிறகு முந்திரி அறுவடை வரும். எங்கள் பக்கத்தில் இந்தப் பருவத்தில்தான் குழந்தைகள் பலர் பள்ளிக்கு வராமல் நிற்பார்கள். குடும்பம் தோப்புக்குப் போகும்போது சிறியவர்களை வீட்டில் யாரிடம் விடுவது? சென்ற ஆண்டு தம்பி பண்ருட்டிப் பக்கம் மாமா வீட்டுத் தோப்பில் பதினொரு நாள் இருந்துவிட்டான். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கும் நீண்ட வாக்கியங்களும் இந்தப் பருவத்தில் வருகின்றன என்றும், ஒரு வாரம் விட்டாலும் கையைப் பிடித்து மறுபடி கூட்டி வர வேண்டும் என்றும் ஆசிரியை ஜனவரிக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். எனக்கோ அதே சமயம் பொதுத் தேர்வு. தோப்புக்குப் போனால் கூலி அதிகம். வீட்டருகே உடைத்தால் கிலோ கணக்கில் கிடைக்கும் கூலிதான். எங்கள் வீட்டில் அந்த வித்தியாசம் சிறியது அன்று. அப்பாவும் அம்மாவும் இரவில் தாழ்ந்த குரலில் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அப்பாயி வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வதாக ஒரு பேச்சு இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி.

இக்கட்டுரையை எழுதும் இன்று எங்கள் தெருக்கோடித் தோப்பில் முந்திரி பூத்திருக்கிறது. காலையில் அம்மா என்னை அழைத்து, தம்பியின் பருவத் தேர்வு என்றைக்கு, என் தேர்வு என்றைக்கு என்று கேட்டார். சொன்னேன். அடுப்புக் கரியை எடுத்து, சுவரிலிருந்த காலண்டரில் இரண்டு நாட்களையும் தாமே வட்டமிட்டார். பிறகு அந்த நாள் வரை பத்துப் பத்தாக எண்ணத் தொடங்கினார்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி