மழையைப் பார்க்கத் தைப்பிங் போனோம்

மழையைப் பார்ப்பதற்கென்றே காசு செலவழித்து ரயில் ஏறியவர்களை நீங்கள் கண்டதுண்டா? நாங்கள் நால்வர் அப்படி ஏறினோம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, தஞ்சோங் மாலிம் நிலையத்தில் ஆளுக்கொரு குடையும் ஒரு துணிப்பையும், கட்டிக்கொண்டு வந்த இட்டிலிப் பொட்டலமுமாக நின்றோம்.

நால்வரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். 1992இல் ஆறாம் ஆண்டை முடித்தோம். அந்தத் தோட்டம் இன்று முழுக்கச் செம்பனை. நாங்கள் பிறந்து வளர்ந்த லயங்களை இடித்துப் பல காலம் ஆகிவிட்டது. ஒருத்தி கிள்ளானில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறாள். ஒருத்தி பட்டணத்தில் வீட்டோடு இருந்து ரவிக்கை தைக்கிறாள். நான் வேறொரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை. நாலாமவள் மட்டும் இன்னும் பால்மரம் வெட்டுகிறாள். பெரிய தோட்டத்தில் அல்ல. ஒருவருடைய சிறு தோட்டத்தில், பாதிக்குப் பாதி கணக்கில். பெயரைப் போட்டால் மூவரும் என்னோடு பேசமாட்டார்கள். ஆகையால் கிள்ளான்காரி, தையற்காரி, வெட்டுக்காரி என்றே சொல்லிப் போகிறேன்.

செலவுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாதம் ஆளுக்கு 20 வெள்ளி சீட்டுப் போட்டோம். பன்னிரண்டு மாதத்தில் 960 வெள்ளி சேர்ந்தது. ஒருத்தியும் புருஷனிடம் கை நீட்டவில்லை. சீட்டுப் போட்டதைவிட வெட்டுக்காரியைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரிய வேலை. "மழையைத்தான் நான் வருஷமெல்லாம் வீட்டுலயே உக்காந்து பாக்குறேனே, அதைப் பாக்க தைப்பிங்குக்கு வேற போகணுமா?" என்று ஓராண்டு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஈப்போவில் நல்ல வெயில். கோல கங்சாரிலும் வெயில்தான். "மழை மழைன்னு கூட்டிக்கிட்டு வந்தியே" என்று கிள்ளான்காரி என்னைக் குத்திக் காட்டினாள். பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் ரயில் புக்கிட் பெராப்பிட் மலைக்குள் புகுந்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப்பாதை அது. வெயிலோடு உள்ளே போன ரயில், வெளியே வந்தபோது சன்னல் கண்ணாடியில் தண்ணீர் தாரை தாரையாக ஓடிற்று. யாரோ திரையைத் தூக்கி வேறு காட்சியைக் காட்டியது போல் இருந்தது. தையற்காரி கை தட்டியே விட்டாள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மலாக்கா நீரிணையிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று, தைப்பிங்குக்கு முதுகுப்புறம் சுவர் மாதிரி நிற்கும் பிந்தாங் மலைத்தொடரில் முட்டுகிறது. மேலே போக வழியின்றி ஏறும்போது குளிர்ந்து, சுமையை அங்கேயே கொட்டிவிடுகிறது. தீபகற்பத்தில் மிக அதிகமாக மழை பெறும் ஊர் தைப்பிங் என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பணம் கட்டிச் சூதாடும் வழக்கம்கூட ஒரு காலத்தில் அந்த ஊரில் இருந்தது. இதைக் கேட்டதும் வெட்டுக்காரி, "நான் அங்க பொறந்திருந்தா பணக்காரி ஆயிருப்பேன்" என்றாள். வானத்தைப் பார்த்து மழை நேரம் சொல்வதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிளியான் பாவ் என்ற ஈயச் சுரங்க ஊராக இருந்த இடம் அது. சீனக் குழுக்கள் இரண்டு ஈயத்துக்காக வெட்டிக்கொண்டு செத்த பிறகு, 1874இல் பங்கோர் உடன்படிக்கையோடு சண்டை ஓய்ந்தது. நிலையான அமைதி என்ற பொருளில் தைப்பிங் என்று பெயர் வந்தது. ஈயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிரம்பி நின்றதைத்தான் 1880இல் ஏரிப் பூங்காவாக்கினார்கள். தோண்டிப் பாழாக்கிய நிலம் இத்தனை அழகாகும் என்று நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். கரையோரம் வரிசையாக நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் சாலைக்கு மேலாகக் கிளைகளை நீட்டி, மறுபக்கம் ஏரித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. கிளையெல்லாம் பாசியும் பெரணியும். மழை நின்ற பிறகும் அந்த மரங்களின் கீழே அரைமணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

மழை வலுத்தபோது அருங்காட்சியகத்துக்குள் ஓடினோம். 1883இல் தொடங்கிய அது, நாட்டிலேயே மிகப் பழையது. நனைந்த செருப்போடு நாங்கள் நடந்த சத்தம் கூடமெங்கும் கேட்டது. மத்தியானம் வாடகைக் காடி பிடித்துக் கோல செப்பத்தாங் போனோம். பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குத்தான் ஓடிற்று. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம், ஏற்றியது ஈயம். இப்போது தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும், கடைகளுக்கு நடுவே, மழையில் நின்றுகொண்டிருந்தது. அதில் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. வெட்டுக்காரி குடையைச் சாய்த்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டாமல் உரக்கப் படித்தாள். தமிழர்கள் வேலை செய்த பாதையென்றால் பலகையிலும் தமிழ் இருக்கத்தானே வேண்டும்.

அங்கேயே கரிச்சூளைகளைப் பார்த்தோம். மாத்தாங் சதுப்புக் காட்டு பாக்காவ் மரத்தை வெட்டிக் கொண்டுவந்து, கவிழ்த்துவைத்த பானை போன்ற சூளைகளில் வாரக்கணக்கில் வேகவைக்கிறார்கள். அந்தக் காட்டை 30 ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்து, பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள். சூளைக் கொட்டகையில் வெதுவெதுப்பாக இருந்தது. "மழை பெஞ்சாலும் இவங்களுக்குப் பேரு உண்டு" என்று வெட்டுக்காரி என் காதில் சொன்னாள். அன்று காலையிலிருந்து அவள் பேரைப் பற்றிச் சொன்னது அது மூன்றாவதோ நாலாவதோ தடவை. கிள்ளான்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு நாளு அந்தப் பேச்சை விடுடி. சந்தோஷமா இருக்கத்தானே வந்தோம்" என்றாள். பிறகு செண்டோல் குடிக்கும்வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குளிர் மழையில் ஐஸ் போட்ட செண்டோல்! பைத்தியங்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாலு மணி இருக்கும். விழித்துப் பார்த்தால் வெட்டுக்காரியின் படுக்கை காலி. சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை இறைத்து ஊற்றுகிறது. "தூக்கம் வரலையா?" என்றேன். "நாலு மணிக்கு மேல எனக்கு எப்படிடி வரும்?" என்றாள். நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தோட்டத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. குளிர்ந்த விடியலில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். மரப்பட்டை நனைந்திருந்தால், வெட்டிய கோட்டில் இறங்க வேண்டிய பால் பட்டையெல்லாம் பரவி வீணாகும். மங்கில் விழுந்த பாலிலும் மழைத்தண்ணீர் சேர்ந்து கெட்டுப்போகும். ஆகையால் மழையென்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை. பெரட்டுக்குப் போய் நின்று, வானத்தையும் கங்காணி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாளியோடு திரும்பி வந்த தாய்மாரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2013 முதல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் இருக்கிறது. பங்குக்கு வெட்டுகிற இவளுக்கு அதனால் என்ன? மரம் காய்ந்தால்தான் காசு.

நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சை மாற்றுவதாக நினைத்து, "சின்ன வயசுல எனக்கு மழைன்னா உசுரு. அம்மா வேலைக்குப் போகாது. மரவள்ளிக்கிழங்கு அவிச்சு, தேங்காய்ப்பூ போட்டுக் குடுக்கும். ஆயாக் கொட்டகைக்குப் போக வேணாம்னு தம்பி குதிப்பான்" என்றேன். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் அந்த நாட்களுக்கெல்லாம் கடன் ஏறிக்கொண்டிருந்தது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும்.

"எனக்கும்தான் மழைன்னா உசுரு" என்றாள் அவள். "மழை பெஞ்சாத்தானே நான் பள்ளிக்கூடம் வருவேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். ஆறாம் ஆண்டு படித்தபோது அவளுடைய தாயாருக்கு இடுப்பு வலி. வாளியைத் தூக்க முடியாது. வெயில் நாளில் இவள் கூடப் போய் மங்கு துடைப்பாள், ஒட்டுப்பால் உரிப்பாள், பால் எடுத்துச் சுமப்பாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வரும்போது பள்ளிக்கூடமும் முடிந்திருக்கும். மழை நாளில் வெட்டு இல்லை. அன்று மட்டும் சீருடை போட்டுக்கொண்டு வருவாள். "ராத்திரி படுக்கும்போது, சாமி, நாளைக்கு மழை பெய்யணும்னு கும்பிடுவேன். அப்புறம், அம்மாவுக்குப் பேரு போயிடுமேன்னு, வேணாம் சாமின்னு மாத்திக் கும்பிடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வாசகர்களே, அந்த ஆண்டு முழுவதும் நான் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கணக்கில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது. அவள் வராத நாட்களில் நான் முதல் மாணவி. வந்த நாட்களில் இரண்டாவது. அவள் வருவது மழை நாளில் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஆசிரியருக்கும் தோன்றவில்லை போலும். "அடிக்கடி மட்டம்" என்று அவளை வாசலில் நிறுத்தியது நினைவிருக்கிறது. பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்து மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள். நான் படித்தேன், பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன், சான்றிதழ் வாங்கினேன். இன்று நானே வருகைப் பதிவேட்டில் கோடு போடுகிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு ஏன் என்று கேட்காமல் போட்டிருப்பேன்!

"ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையே" என்றாள். கோபமாக அல்ல. பிறகு, "விடு, அந்த மழையாவது பெஞ்சுச்சே. இல்லாட்டி அந்த போர்ட் வெல்ட் பலகையைக்கூட நேத்து படிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் சுடவைக்க எழுந்தாள். கோப்பியைக் கலந்து என் கையில் கொடுத்தாள். மற்ற இருவரும் எழும்வரை பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறரை மணியானது. அவள் பேரைப் பற்றிப் பேசவில்லை. நானும் கிளறவில்லை.

பசியாறிவிட்டு, புக்கிட் லாருட் அடிவாரத்திலுள்ள போர் வீரர் கல்லறைக்குப் போனோம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் இன்னாரென்று தெரியாதவர்கள். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கல், வெட்டிய புல், பூச்செடி. தையற்காரியின் தாத்தா சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கே காலராவில் நம் தோட்டத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். தாத்தா எங்கே கிடக்கிறார் என்று அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயரில்லாத ஒரு கல்லின்மேல் கொஞ்ச நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் அவளை அவசரப்படுத்தவில்லை.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு செய்தி. ரயிலுக்கு முன்னதாகவே சீட்டு எடுத்துவிடுங்கள். வார இறுதியில் இடம் கிடைப்பது கஷ்டம். மாற்றுச் செருப்பும், ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பையும் மறக்காதீர்கள். காலையில் பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும்; ஏரியை அப்போது சுற்றிவிட்டால், பின்னேர மழைக்கு எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளலாம். நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் வானம் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை.

திரும்பும் ரயிலில் வெட்டுக்காரி ஒரு சிறு நோட்டைப் பிரித்தாள். இரண்டு நாள் செலவையும், செண்டோல் காசு உட்பட, சென் பிசகாமல் எழுதி வைத்திருந்தாள். 960 வெள்ளியில் மீதம் 41 வெள்ளி 60 சென். பங்கு போட்டுத் தருகிறேன் என்றதற்கு மூவரும் வேண்டாம் என்றோம். அது அடுத்த சீட்டின் முதல் வரவானது. இந்தத் தடவை சீட்டுப் பிடிப்பவள் அவள்தான். அந்தப் பொறுப்பை முதலிலேயே அவளிடம் கொடுத்திருக்க வேண்டும்.

சுரங்கப்பாதையைத் தாண்டினோம். வெயில். கிள்ளான்காரி தூங்கிவிட்டாள்; அவள் தலை வெட்டுக்காரியின் தோளில்.

திங்கட்கிழமை விடியற்காலை, பள்ளிக்குப் புறப்படும் நேரம்கூட ஆகவில்லை, கைப்பேசி அடித்தது.

"இங்க மரமெல்லாம் காஞ்சு கெடக்குடி, காட்டுக்குப் போறேன்" என்றாள். "உங்க பக்கம் மழையா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப சரி. இன்னைக்கு யாரு யாரு வரலைன்னு பாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.