ஊசி போகும் வழி – 9: தண்டைத் தொடும் ஆயிரம்

நான்காம் பரிமாணத்துக்குள் இந்த வாரம் நுழைவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் டாமஸ் வுல்ஃப் 1995-இல் எழுதிய ஒரு கட்டுரையை ஒருதரம் புரட்டிவிடலாமே என்று எடுத்தேன். வாரம் அதிலேயே போய்விட்டது. 'மேட்டர் எங்கே?' என்று அலுவலகத்திலிருந்து போன் வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாத் திசைக்கும் ஓர் ஊசி இருந்தும் பரப்பளவு பூஜ்யமாகிவிடும் பெசிகோவிச் கணம், அந்த ஊசிகளுக்குச் சிறிது பருமன் கொடுத்தால் கிடைக்கும் குழாய்கள். கதை இதுவரை இவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கும் என்பது கேள்வி. ஒரு குழாயின் நீளம் 1, பருமன் 1/100 என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டு வட்டமா சதுரமா என்று பார்க்க வேண்டாம். கனஅளவு தோராயமாக 1/10,000. முப்பரிமாண வெளியில் ஒன்றிலிருந்து ஒன்று தெளிவாக விலகி நிற்கும் திசைகளை எண்ணினால், இந்தப் பருமனுக்குச் சுமார் 10,000 தேறும். திசைக்கு ஒரு குழாய். தனித்தனியே கிடத்தினால் மொத்தக் கனஅளவு 1. ஒவ்வொரு புள்ளியிலும் பத்துக் குழாய்கள் குவிந்தால், அதாவது நெரிசல் 10 என்றால், அடைக்கும் இடம் 1/10. நெரிசல் 100 என்றால் 1/100. நெரிசலுக்கு எல்லை உண்டா?

வுல்ஃபுக்கு முன்பே ஒரு சுலபமான பதில் இருந்தது. 'புதர்' என்று பெயர். ஒரு புள்ளி வழியாக 100 குழாய்கள் போகின்றன என்று வையுங்கள். திசைகள் வெவ்வேறு என்பதால் அந்தப் புள்ளியைவிட்டுச் சற்று விலகியதும் அவை பிரிந்துதான் ஆக வேண்டும். ஆக, அந்த நூறு மட்டுமே 100/10,000, அதாவது 1/100 கனஅளவைத் தின்றுவிடும். நெரிசல் இதைவிடக் கூடினால் புதர் பெரிதாகும். குறைந்தால் குழாய்கள் பரவும். எப்படிப் பார்த்தாலும் 1/100-க்குக் கீழே இறங்க வழியில்லை. 1991-இல் ழான் பூர்கேன் இதைக் கொஞ்சம் மேம்படுத்தினார்.

வுல்ஃப் செய்தது என்ன? ஒரு புள்ளியைப் பிடிப்பதற்குப் பதில் ஒரு முழுக் குழாயையே பிடித்தார். அதுதான் தண்டு. பால் புட்டி கழுவும் பிரஷை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவே கம்பி, சுற்றிலும் இழைகள். தண்டின் நீளத்தில் 1/100 அளவுள்ள இடங்கள் நூறு. நெரிசல் 10 என்றால் ஒவ்வோர் இடத்திலும் பத்து இழைகள் குத்தி நிற்கும். மொத்தம் 1,000 இழைகள்.

இந்த ஆயிரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளாதா? பெரிய அளவில் ஏறிக்கொள்ள முடியாது என்பதுதான் சூட்சுமம். ஓர் இழையையும் தண்டையும் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கும். அப்படித் தண்டு வழியாகப் போகும் தளங்கள் எல்லாம் தண்டிலிருந்து விலக விலக ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஆகவே வெவ்வேறு தளத்து இழைகள் மோதிக்கொள்வதில்லை. ஒரே தளத்தில் இருப்பவை? அங்கேதான் 1977-இல் அந்தோனியோ கோர்டோபா நிறுவிய விஷயம் கைகொடுக்கிறது. தளத்துக்குள் வெவ்வேறு திசையில் கிடக்கும் பட்டைகள் சராசரியில் ஒரு மடக்கை அளவுக்குத்தான் மேல்விழும். மடக்கையை இந்தத் துறையில் யாரும் செலவாகவே எண்ணுவதில்லை. தண்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், கோணம் மிகக் குறைந்த இழைகள் மட்டும் தனித் தொல்லை. அதையும் வுல்ஃப் சமாளித்திருக்கிறார். அந்தப் பக்கங்களை உங்களுக்கு மிச்சப்படுத்துகிறேன்.

ஆக, 1,000 இழைகளின் கனஅளவு 1,000/10,000. அதாவது 1/10. நெரிசல் 10 என்றால் மொத்த இடம் 1/10 என்று முதலிலேயே பார்த்தோம். இரண்டும் அச்சாக ஒத்துப்போகின்றன. நெரிசலை 100 ஆக்கிப் பாருங்கள். தண்டில் நூறு இடம், இடத்துக்கு நூறு இழை, மொத்தம் 10,000. இருக்கிற குழாய் அத்தனையும் இந்த ஒரே தண்டைத் தொடுகின்றன, அவற்றின் கனஅளவு கிட்டத்தட்ட 1. ஆனால் நெரிசல் 100 என்றால் இடம் 1/100 அல்லவா? கணக்கு உடைந்துவிட்டது. அவ்வளவு நெரிசல் நடக்கவே நடக்காது. புதர் 1/100 என்று சொன்ன இடத்தில் பிரஷ் 1/10 என்று சொல்கிறது.

ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிற இந்தக் கணக்கு இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

வுல்ஃபுக்கு இது புதிதல்ல. (நாவலாசிரியர் வுல்ஃப் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லென்னார்ட் கார்லெசன் 1962-இல் பெரும்பாடுபட்டு நிறுவிய கரோனா தேற்றத்துக்கு, பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே மிகச் சுருக்கமான ஒரு நிரூபணம் கண்டுபிடித்தார். கேம்லின் என்பவர் அதை விளக்குவதற்கென்றே 1980-இல் தனிக் கட்டுரை எழுதினார். வுல்ஃப் பிறகு கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் பேராசிரியர். 2000 ஜூலை 31-ஆம் தேதி ஒரு கார் விபத்து. வயது 46.

விட்ட இடத்துக்கு வருவோம். பருமன் 1/100 ஆக இருக்கையில் இடம் 1/10. பருமன் 1/10,000 ஆனால் 1/100. அதாவது பருமனின் வர்க்கமூல வேகத்தில் இடம் சுருங்கலாம், அதைவிட வேகமாகச் சுருங்காது. பரிமாணக் கணக்கில் 3-இலிருந்து அரையைக் கழித்து 2.5. ககேயா அனுமானம் கேட்பது முழுதாக 3. அதாவது, பருமனின் எந்த அடுக்குக்கும் இணையாக இடம் சுருங்கக் கூடாது.

இந்த 2.5-ஐ அசைப்பது பெரும்பாடாக இருந்தது. அசைத்தவர்கள் நெட்ஸ் காட்ஸ், இசபெல்லா லாபா, டெரன்ஸ் டாவ் மூவரும். 2000-இல் வந்த அவர்கள் கட்டுரையின் லாபம் 0.0000000001. சிரிக்க வேண்டாம். மெய்யெண்களுக்குப் பதில் சிக்கலெண்களை எடுத்துக்கொண்டால், ஹைசன்பர்க் பெயரால் வழங்கும் ஒரு கணம் உண்டு. பிரஷ் கணக்கு கேட்கிற எல்லா நிபந்தனைக்கும் அது கட்டுப்படும். ஆனாலும் சரியாக 2.5-க்கு ஈடான இடத்தோடு நின்றுவிடும். ஆகவே அந்தக் கோட்டைத் தாண்டுகிற எந்த நிரூபணமும் மெய்யெண்களுக்கே உரிய ஏதோ ஒரு குணத்தைப் பிடித்தாக வேண்டும். அந்தப் பத்தாவது தசமத்தை வாங்கியது அப்படி ஒரு பிடியில்தான். முழு 3-ஐ ஹாங் வாங், ஜோஷுவா ஸால் இருவரும் எட்டியது 2025 பிப்ரவரியில், 127 பக்கத்தில். அதற்குத் தனி வாரங்கள் வேண்டும்.

சொன்ன நான்காம் பரிமாணம் எங்கே என்கிறீர்கள். வாசல்வரை கூட்டிப்போகிறேன். அங்கே அதே பருமனுக்குத் திசைகள் 10 லட்சம், ஒவ்வொரு குழாயின் கனஅளவும் பத்து லட்சத்தில் ஒன்று. தண்டில் மட்டும் இன்னமும் நூறே இடம்! பரிமாணம் ஏறியும் தண்டு வளரவில்லை. அதனால் நெரிசல் 100 வரை ஏறினாலும் பிரஷில் சேர்வது 10,000 இழைகள்தான். அவற்றின் கனஅளவு 1/100, நெரிசல் 100 தருகிற இடமும் 1/100. கணக்கு உடையவில்லை, பரிமாணம் 3-இல் நின்றுவிடுகிறது. வேண்டியதோ 4. பத்தாம் பரிமாணத்தில் பிரஷ் தருவது 6 மட்டுமே.

பிரஷுக்குக் கை நீளம் போதவில்லையா, அல்லது நான்கு பரிமாணத்தில் குழாய்கள் நிஜமாகவே அப்படி நெருங்கிக் கிடக்க ஓர் இடம் உண்டா? நேர்கோடுகளாலேயே நிறைந்த, இருபடிச் சமன்பாட்டால் அமைந்த ஒரு முப்பரிமாணப் பரப்பு நான்கு பரிமாண வெளிக்குள் இருக்கிறது. அடுத்த வாரம் அதற்குள் போகிறோம். இடையில் வேறு எந்தக் கட்டுரையையும் நான் புரட்டாமல் இருந்தால்.

(தொடரும்)