நஞ்சை எடைபோட்டு அறிதல்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் ரப்பர் பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் பட்டையைக் கீறினால்தான் சிரட்டையில் பால் தாராளமாக இறங்கும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடப்பவர்களின் காலடியில் சருகு குவிந்து கிடக்கிறது. அந்தச் சருகின் நிறத்திலேயே, ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், மூக்கு நுனி மேடிட்ட ஒரு குழிவிரியன் அதில் படுத்திருக்கலாம். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி. இலங்கைத் தமிழர்களுக்குக் கோப்பி விரியன்.

இந்தச் சிறு பாம்பு கடித்தால் வீங்கும், வலிக்கும், அதோடு சரி என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. 2007இல் கேரள நோயாளிகளைப் பற்றி வெளிவந்த மருத்துவ அறிக்கை அந்த நம்பிக்கையை உடைத்தது. கடிபட்டவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மை கெட்டது, சிறுநீரகம் பழுதானது. சில இடங்களில் இது சுருட்டை விரியன் என்று தவறாக அடையாளம் காணப்பட்டதும், கொடுத்த நஞ்சுமுறி மருந்து பலன் தராததும் அப்போது தெரியவந்தன.

மருந்து பலன் தராததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதி, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கும் அந்த இடத்துக்கும் பாறசாலைக்கும் சாலைவழி 600 கிலோமீட்டருக்கு மேல். குழிவிரியனின் நஞ்சு அந்த மருந்தின் தயாரிப்பில் சேர்வதே இல்லை. அதை முறிக்க வேண்டுமானால் அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும்.

விரியன் நஞ்சில் பெரும்பகுதி புரதங்களே. உயிரணுவின் சவ்வை அரிக்கும் பாஸ்போலிப்பேஸ், இரத்தக் குழாயின் சுவரைச் சிதைக்கும் உலோகப் புரோட்டியேஸ் என்று அவற்றுக்குள் பல குடும்பங்கள் உண்டு. புரதம் என்பது தோவாளையில் கட்டும் பூச்சரம் போன்றது. பூக்களாக இருப்பவை இருபது வகை அமினோ அமிலங்கள். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசைதான் ஒவ்வொரு புரதத்தின் அடையாளம்.

அந்த வரிசையை வேதியியலாளர்கள் முதலில் வேதி அடையாளங்களின் துணையால் படித்தார்கள். ஃபிரெடெரிக் சாங்கர் 1945இல் புரதத்தின் முனையில் ஒட்டி மஞ்சள் நிறம் தரும் ஒரு வேதிப்பொருளைப் பயன்படுத்தினார். இன்சுலினின் முழு வரிசையையும் கண்டறிந்ததற்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். பேர் எட்மன் 1950இல், முனை அமிலத்தை அடையாளமிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றும் முறையைத் தந்தார். இரண்டுக்குமே தூய புரதம் கணிசமான அளவில் வேண்டும். ஒரு சிறு பாம்பின் ஒரு துளி நஞ்சில் பல புரதங்கள் கலந்திருக்கும்போது அதற்கு எங்கே போவது?

நிறைமாலைமானி வழி திறந்தது. மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பறக்கவிட்டு எடை காணும் கருவி அது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறை நொறுக்காமல் பறக்கவிடுவதுதான் நீண்டகாலச் சிக்கலாக இருந்தது. அதைத் தீர்த்த ஜான் ஃபென்னும் கோய்ச்சி தனாகாவும் 2002இன் வேதியியல் நோபலில் பங்குபெற்றார்கள்.

நஞ்சை அப்படியே கருவிக்குள் அனுப்பினால் பலன் குறைவு. நஞ்சுப் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமிலம் மிகுதி. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகத்தால் கைகோத்து, புரதத்தை இறுக்கி முடிச்சிடுகின்றன. முதலில் அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறார்கள். அவை மீண்டும் சேராதபடி அயோடோஅசிட்டமைடு என்ற வேதிப்பொருளால் ஒவ்வொரு சிஸ்டீனுக்கும் மூடி போடுகிறார்கள். டால்டன் என்ற அலகில் 103.01 ஆக இருந்த சிஸ்டீனின் எடை அத்துடன் 57.02 கூடி 160.03 ஆகிறது. பிறகு டிரிப்சின் என்ற நொதி, லைசினும் ஆர்ஜினினும் வரும் இடங்களுக்கு அடுத்தாற்போல் புரதத்தைத் துண்டாக்குகிறது.

கருவி ஒரு துண்டின் எடையைக் குறித்துக்கொண்டு, அதை வாயுவோடு மோதவிட்டு மேலும் உடைக்கிறது. உடைந்தவற்றுள் அடுத்தடுத்த இரண்டின் எடை வேறுபாடு 71.04 என்றால் இடையில் இருந்தது அலனின், 99.07 என்றால் வாலின், 160.03 என்றால் மூடியிட்ட சிஸ்டீன். எடையைக் கழிக்கக் கழிக்க வரிசை வெளிப்படுகிறது. இங்கே கண்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மூடியின் எடையான 57.02தான் கிளைசினின் எடையும்; மூடி வேண்டாத இடத்தில் ஒட்டினால் இல்லாத கிளைசின் இருப்பதுபோல் தோன்றும். லியூசினும் ஐசோலியூசினும் 113.08 என்ற ஒரே எடை கொண்டவை. எடையை மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

வழக்கமாக இந்த எடைகளை, ஏற்கெனவே தெரிந்த புரதங்களின் பட்டியலோடு கணினி ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். பட்டியலில் இல்லாத பாம்பின் நஞ்சுக்கு, துண்டுகளிலிருந்தே வரிசையைப் புதிதாகப் படித்தாக வேண்டும். கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரியில் இயங்கும் ஆய்வுக் குழு ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் இதே குழிவிரியனின் நஞ்சை ஆராய்ந்தபோது அவ்வாறு புதிதாகப் படிக்கும் முறையையும் சேர்த்தே பயன்படுத்தியது. அந்த ஆய்வு 2018இல் வெளியானது.

ஒரே இனப் பாம்பின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வகை வேதி அடையாளம் உதவுகிறது. ஒவ்வோர் ஊர் நஞ்சின் துண்டுகளிலும் ஒவ்வோர் அடையாளத்தை ஒட்டிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். அடையாளங்களின் மொத்த எடை ஒன்றே என்பதால், எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே துண்டு ஒரே எடையோடு கருவிக்குள் நுழையும். மோதலில் உடையும்போதுதான் ஒவ்வோர் அடையாளமும் தனக்கே உரிய சிறு எடையை உதிர்க்கும். ஆறு மாதிரிகளுக்கான தொகுப்பில் அவை 126 முதல் 131 வரை. எந்த எண் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதிலிருந்து அந்தப் புரதம் எந்த ஊர் நஞ்சில் எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும்.

அடுத்த படி, மருந்தைச் சோதிப்பது. நஞ்சுமுறி மருந்தின் எதிர்ப்புப் பொருள்களை ஒரு குழாயில் நிலைநிறுத்தி அதன் வழியே நஞ்சைச் செலுத்துவார்கள். பிடிபடாமல் தப்பி வெளியேறுபவற்றை நிறைமாலைமானி பெயர் சொல்லிக் காட்டும். மருந்து எந்தப் புரதத்தை விட்டுவிடுகிறதோ, அதற்கு எதிராகத்தான் புது மருந்து வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2030க்குள் இந்த இறப்புகளைப் பாதியாகக் குறைக்க ஒன்றிய அரசு 2024இல் திட்டம் வகுத்தது. அந்த இலக்கு மெய்ப்பட வேண்டுமானால், அந்தந்த நிலத்துப் பாம்பின் நஞ்சுக்கு ஏற்ற மருந்து உருவாக வேண்டும். கருவியும் முறையும் நம்மிடம் இருக்கின்றன. நஞ்சின் கூறுகளைப் பெயரிட்டுச் சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை மருந்துக்குப்பியாக மாற்றும் பொறுப்பு அரசுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் உரியது. அதுவரை பால்வெட்டுக்குப் போகிறவர் கணுக்கால் மறைக்கும் காலணி அணியட்டும். கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகட்டும்.