கணினி ஏட்டில் விளைவுக் கணக்கைக் கூட்டும் முறை

அறுவடை விவரங்களையும் பயிர்ச் சேத விவரங்களையும் கணினியில் எக்ஸெல் ஏட்டில் பதிந்து வைக்கும் வழக்கம் நிலமுடையோரிடத்தும் கிராம அலுவலகங்களிலும் உண்டு. கூட்டலை இயந்திரமே செய்துவிடுவதால், அடியில் வரும் தொகையைப் பலர் மறுமுறை பார்ப்பதில்லை. இதனால் நஷ்டம் நேரிடக்கூடும்.

உதாரணமாக, ஐந்து வயல்களின் நெல் விளைவு பி2 முதல் பி6 வரையுள்ள கட்டங்களில் முறையே 12 மூட்டை, 9, 14, 7 மூட்டை, 11 என எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். உண்மையான மொத்தம் 53 மூட்டை. ஆயினும் 'சம்' என்னும் கூட்டற் சூத்திரம் 34 என்றே காட்டும். எண்ணுடன் எழுத்தும் கலந்த கட்டத்தை இயந்திரம் சொல்லாகவே கருதிக் கூட்டலினின்று விலக்கிவிடும், பிழையென்று அறிவிப்பதுமில்லை. மறைந்த 19 மூட்டையும் விற்பனைக் கணக்கிலும் குத்தகைப் பங்கிலும் குறைந்துபோகும்.

கண்டறியும் வழி: 'கவுண்ட்' என்னும் சூத்திரம் எண் கட்டங்களை மட்டும் எண்ணும், 'கவுண்ட்ஏ' வெறுமையல்லாத கட்டங்கள் அனைத்தையும் எண்ணும். மேற்கண்ட ஏட்டில் முன்னது 3 என்றும் பின்னது 5 என்றும் காட்டும். இரண்டும் ஒவ்வாவிடில் மொத்தத்தை நம்பலாகாது.

திருத்தும் வழி: அடுத்த பத்தியில் =வேல்யூ(சப்ஸ்டிட்யூட்(பி2,"மூட்டை","")) என்னும் சூத்திரத்தை எழுதிக் கீழ்வரை நகல் செய்க. சூத்திரப் பெயர்களையும் கட்டத்தின் பெயரையும் ஆங்கில எழுத்துக்களிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும். 'சப்ஸ்டிட்யூட்' சொல்லை நீக்கும். 'வேல்யூ' எஞ்சியதை எண்ணாக்கும். பின்னர் இப்புதிய பத்தியைக் கூட்டினால் 53 கிடைக்கும்.

ஒரு கட்டத்தில் 300 கிலோ என்றிருப்பின், அங்கே பிழைக்குறி தோன்றும். அது நன்மையே. மூட்டையையும் கிலோவையும் ஒன்றாகக் கூட்டுதல் தகாது. மூட்டையின் எடையும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே முதலில் அனைத்தையும் ஒரே அளவைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெறுங்கட்டத்திலும் பிழைக்குறி தோன்றுமாதலால், விளைவில்லாத வயலுக்கு 0 என்று எழுதுக.

இவை யாவற்றினும் சிறந்தது, தொடக்கத்திலேயே கட்டத்தில் எண்ணை மட்டும் இட்டு, 'மூட்டை' என்பதைப் பத்தியின் தலைப்பில் எழுதுவதாகும். ஒவ்வொரு எண்ணருகிலும் அச்சொல் தோன்ற வேண்டுமெனில், கட்டத்தின் வடிவ அமைப்பில் 'கஸ்டம்' என்னும் பகுதியிலே 0" மூட்டை" என்று குறிப்பிடலாம். அப்போது சொல் கண்ணுக்கு மட்டும் தெரியும், கட்டத்தில் எண்ணே நிற்கும், கூட்டலும் பிழையாது.