மைனஸ் 20 டிகிரி குளிர் இருக்கு... ஆனா ஐஸ் இல்லை! லடாக் ஐஸ் ஹாக்கி பெண்களின் பிரச்சினை என்ன?

2025 ஜூன் முதல் வாரம். ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் வெளியே கால் வைக்க முடியாத பாலைவன வெயில். உள்ளே, ஒரு மூடிய அரங்கில், கண்ணாடி மாதிரி வழுவழுப்பான பனித்தளம். அங்கே நடந்த ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கிப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. இந்தத் தொடரில் இந்தியப் பெண்களுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இது.

அணியில் பெரும்பாலானவர்கள் லடாக்கைச் சேர்ந்தவர்கள். குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும் ஊர் அது. ‘அப்போ ஐஸ் ஹாக்கியில் ஜெயிப்பது அவங்களுக்கு ஈஸிதானே?’ என்று தோன்றும். உண்மை நேர் எதிர். அவர்களுக்குக் கிடைக்காத முக்கியமான பொருளே ஐஸ்தான். எப்படி?

முதலில், ஐஸ் ஹாக்கி என்றால் என்ன?

புல்தரை ஹாக்கியில் பந்து. இங்கே ‘பக்’ எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. சுமார் 7.6 செ.மீ. விட்டம், 2.5 செ.மீ. தடிமன், 170 கிராம் வரை எடை. கோல் கீப்பரோடு சேர்த்து ஓர் அணிக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். தலா 20 நிமிடம் என மூன்று பகுதிகள்.

முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டே ஆட வேண்டும் என்பதால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு, மூன்று ‘செட்’ ஆட்கள் பெஞ்சில் தயாராக இருக்க வேண்டும். ஒரு நல்ல டீம் என்றால் குறைந்தது 15 முதல் 20 பேர் தேறியாக வேண்டும்.

சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தில் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. ஆண்கள் ஆட்டத்தைப் போல உடம்பால் மோதித் தள்ளி பக்கைப் பறிக்க அனுமதி இல்லை. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் கட்டாயம். சறுக்கும் திறமை, பாஸ் கொடுக்கும் துல்லியம், வேகம்: இவைதான் இங்கே ஆயுதம். மூன்றுமே ஐஸ் மீது மணிக்கணக்கில் நின்றால் மட்டுமே வரக்கூடியவை.

லடாக்குக்கு இந்த ஆட்டம் எப்படி வந்தது?

இந்தியாவில் பனிச்சறுக்கு ரிங்க் என்றால் பழைய பெயர் சிம்லா. அங்கே 1920-லேயே இயற்கைப் பனி ரிங்க் வந்துவிட்டது. லடாக்கில் இந்த ஆட்டம் பரவியது 1970-களில், அங்கே பணியில் இருந்த ராணுவ வீரர்கள் மூலமாக. உறைந்த குளங்களில் அவர்கள் ஆடுவதைப் பார்த்து ஊர் இளைஞர்களும் இறங்கினார்கள். அப்போது கடையில் ஸ்கேட்ஸ் ஏது? பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திச் சறுக்கிய காலம் அது.

1985-ல் லடாக் குளிர்கால விளையாட்டு கிளப் உருவானது. 1989-ல் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பில் உறுப்பினரானது. லே நகரின் கர்ஸூ குளம் ஆட்டத்தின் மையமாக மாறியது. குளிர்காலம் என்றால் ஊரே குளக்கரையில் கூடும். ஆனால், ஆடியது பெரும்பாலும் ஆண்கள்.

பெண்கள் எப்படிக் களம் இறங்கினார்கள்?

அண்ணன் தம்பிகள் ஆடுவதைப் பார்த்துத்தான் பலர் தொடங்கினார்கள். லே அருகே ஃபே கிராமத்தில் உள்ள ‘செக்மால்’ மாற்றுக்கல்வி வளாகமும் முக்கியக் காரணம். அங்கே குளிர்காலத்தில் மாணவர்களே தண்ணீர் தேக்கி ரிங்க் உருவாக்கி, பையன்கள், பெண்கள் என எல்லோரும் ஆடுவது வழக்கம்.

ஆனாலும் வழி சுலபமாக இல்லை. இருப்பது ஒன்றிரண்டு ரிங்க். நல்ல நேரம் எல்லாம் ஆண்கள் அணிகளுக்கு. மிச்சம் மீதி நேரம்தான் பெண்களுக்கு. கிட் கூட இரவல்தான். ஸ்கேட்ஸ், ஹெல்மெட், கையுறை, பேட், ஸ்டிக் என ஒருவருக்குத் தேவையானதை வாங்கவே பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். கோல் கீப்பருக்குச் செலவு இன்னும் அதிகம்.

2016-ல் இந்தியாவின் முதல் பெண்கள் அணி தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைக்குக் கிளம்பியது. பயணச் செலவுக்கே பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்ட வேண்டியிருந்தது. அங்கே தோல்விதான் மிஞ்சியது. ஆனால் அடுத்த ஆண்டே கதை மாறியது. 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வீழ்த்தி, சர்வதேச ஆட்டத்தில் முதல் வெற்றியைப் பதிவு செய்தார்கள்.

குளிர் இருக்கு. அப்புறம் ஐஸ் ஏன் பற்றாக்குறை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லே. டிசம்பர் நடுவில் குளங்கள் ஆடும் அளவுக்கு உறையும். பிப்ரவரி நடுவில் இளகத் தொடங்கும். ஆக, ஆட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 2 மாதம்.

அந்த 2 மாதமும் முழுசாகக் கிடைக்காது. லடாக்கில் காற்று உறைய வைக்கும். ஆனால் உயரமான ஊர் என்பதால் வெயில் சுள்ளென்று அடிக்கும். கூரை இல்லாத ரிங்க்கில் உச்சி வெயில் பட்டால் மேற்பரப்பு இளகி, ஸ்கேட்ஸின் பிளேடு சிக்கும். எனவே அதிகாலை, மாலை நேரங்களில்தான் நல்ல ஆட்டம். அந்தச் சில மணி நேரத்தைத்தான் ராணுவ அணிகள், ஆண்கள் கிளப்கள், பள்ளிக் குழந்தைகள், பெண்கள் அணிகள் எல்லோரும் பங்கு போட வேண்டும்.

தளத்தைத் தயார் செய்வதும் கைவேலைதான். இரவில் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, ஒரு படலம் உறைந்ததும் அடுத்த படலம் என மெல்ல மெல்லக் கட்ட வேண்டும். கிராமங்களில் ஓடைத் தண்ணீரை வயலுக்குத் திருப்பி விட்டு உறைய வைப்பார்கள். காலையில் துடைப்பத்தோடு பனித்தூளைப் பெருக்கிய பிறகுதான் ஆட்டம்.

நவீன ரிங்க்கில் கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த திரவம் ஓடும். மேலே கூரை இருக்கும். தளத்தைச் சீர்செய்ய வண்டி இருக்கும். வெளியே 45 டிகிரி அடித்தாலும் உள்ளே ஐஸ் அப்படியே நிற்கும்.

மணிலாவில் 12 மாதம், லேவில் 2 மாதம்

ஆசியப் போட்டிகளில் இந்தியாவை எதிர்த்து ஆடும் அணிகளைக் கவனியுங்கள். பிலிப்பைன்ஸ், மலேசியா, அமீரகம். எல்லாமே வெயில் நாடுகள். ஆனால் மணிலாவின் ‘எஸ்.எம். மால் ஆஃப் ஏஷியா’ போன்ற ஷாப்பிங் மால்களுக்குள்ளேயே ஐஸ் ரிங்க் இருக்கிறது. கோலாலம்பூர் பக்கத்தில் ‘சன்வே பிரமிட்’ மாலிலும் உண்டு. அங்கே வளரும் ஒரு பெண் மே மாதத்திலும் ஸ்கேட்ஸ் மாட்டலாம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேவில் ஒரு பெண்ணுக்கு 60 நாளும், தினம் 1 மணி நேரம் ஐஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 60 மணி நேரம். மால் ரிங்க்கில் வாரம் 3 நாள், தலா ஒன்றரை மணி நேரம் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு 52 வாரத்தில் 234 மணி நேரம். கிட்டத்தட்ட 4 மடங்கு. இது கற்பனைக் கணக்குதான். ஆனால் மாதங்களின் வித்தியாசம் கற்பனை இல்லை. அல் ஐன் போட்டி நடந்தது ஜூனில். அப்போது லடாக்கின் குளங்களில் ஐஸ் போய் 3 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மீதி 10 மாதம் என்ன செய்வார்கள்? தரையில் உடற்பயிற்சி, ஓட்டம், சக்கர ஸ்கேட்ஸ். முன்பு குருகிராமில் ஒரு மாலுக்குள் இருந்த சின்ன ரிங்க்கில் இந்திய அணி பயிற்சி எடுத்திருக்கிறது. டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட ‘ஹிமாத்ரி’ உள்ளரங்கம், பராமரிப்புச் செலவைத் தாங்க முடியாமல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2025-ல்தான் மறுபடி திறக்கப்பட்டது.

கனடாவில் ஒரு சிறுமிக்கு என்ன கிடைக்கிறது?

கனடாவில் 9 வயதுக்குக் கீழ், 11, 13, 15, 18 வயதுக்குக் கீழ் என வயதுவாரியாகப் பிரித்துச் சிறுமிகளுக்கென்றே அணிகள் இருக்கின்றன. செப்டம்பரில் சீசன் தொடங்கினால் வசந்தகாலம் வரை உள்ளரங்கில் ஓடும். அங்கிருந்து கல்லூரி அணி, தேசிய அணி என்று ஏணி நீள்கிறது. 1998 நாகானோ முதல் பெண்கள் ஐஸ் ஹாக்கி ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பெண்களுக்கான புதிய தொழில்முறை லீக் தொடங்கியது.

அந்த உலகத்தோடு லடாக்குக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 4 ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடா வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர், 2018 ஜனவரியில் ஹாக்கி உபகரணங்களோடு லடாக்குக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், கால்கரியில் அவர் நடத்தும் பெண்கள் ஹாக்கித் திருவிழாவான ‘விக்ஃபெஸ்ட்’டில் இந்திய அணி கலந்துகொண்டது.

பள்ளிக் குழந்தைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

பெரும்பாலும் வீராங்கனைகளே. இந்திய அணியின் மூத்த கோல் கீப்பர் நூர் ஜஹான் உள்ளிட்டோர் சேர்ந்து உருவாக்கியது ‘லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளை’. இதில் இருக்கும் அக்காக்கள், குளிர்காலத்தில் லே நகருக்கு வெளியே உள்ள கிராமங்களுக்குப் போய்ச் சிறுமிகளுக்கு முகாம் நடத்துகிறார்கள். கையில் ஸ்டிக் கொடுப்பதற்கு முன்பு முதல் பாடம் வேறு: எப்படி விழுவது, எப்படி எழுந்திருப்பது.

இதற்கு ஒரு வசதி உண்டு. லடாக்கில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறையே குளிர்காலத்தில்தான். ஐஸ் வரும் நேரமும் குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரமும் ஒத்துப்போகின்றன. சிக்கல் வருவது பிளஸ் டூவுக்குப் பிறகு. கல்லூரிக்காக டெல்லி, சண்டிகர், ஜம்மு என்று போகும் பெண்களுக்கு டிசம்பர், ஜனவரியில் வகுப்பும் தேர்வும் இருக்கும். ஐஸ் இருக்கும்போது அவர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். ஊருக்கு வரும்போது ஐஸ் இருக்காது. 10 வயதில் பழகிய திறமை 18 வயதில் கைநழுவுவது இப்படித்தான்.

இமாச்சலின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கிலும் இப்போது பெண்கள் அணிகள் வளர்ந்து வருகின்றன. அங்குள்ள காஸா, 2022-ல் தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பையே நடத்தியது.

‘இதனால வேலை கிடைக்குமா?’

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்குப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, சம்பளம், கூடவே பயிற்சி. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளிலும் பெண்கள் ஐஸ் ஹாக்கி இடம்பெறுகிறது. ஆனால் இந்த வேலைவாய்ப்பு சிலருக்குத்தான். பலருக்கு வேறு தொழிலும் வேண்டும். நூர் ஜஹானே பழைய ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் பாதுகாக்கும் நிபுணர்.

அடுத்து என்ன?

லேவின் என்.டி.எஸ். விளையாட்டு வளாகத்தில் குளிரூட்டும் வசதியுள்ள செயற்கை ரிங்க் வந்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது திறந்தவெளி ரிங்க். ஆண்டு முழுக்க ஆட வேண்டுமானால் மூடிய அரங்கம், தடையில்லா மின்சாரம், அதை ஓட்டுவதற்கான பணம் மூன்றும் வேண்டும். கட்டுவதைவிட ஓட்டுவது கஷ்டம் என்பதற்கு டேராடூனே சாட்சி.

காலநிலையும் காத்திருக்காது. 2025 பிப்ரவரியில் குல்மார்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள், போதிய பனி இல்லாததால் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. இயற்கை ஐஸை மட்டும் நம்பியிருந்தால், 60 நாள் என்பது 50 ஆகலாம், 40 ஆகலாம்.

அப்படிக் குறையும்போது முதலில் வெட்டு விழுவது யாருடைய நேரத்தில் என்பதுதான் முக்கியமான கேள்வி. ரிங்க் நேரம் சுருங்கினால் ‘பெண்கள் நாளைக்கு வாங்க’ என்று சொல்வதுதான் பழைய பழக்கம். எனவே புது அரங்கம் வரும் வரை, இருக்கும் ரிங்க்குகளில் சிறுமிகளுக்கென்று எழுதி வைத்த ஒரு நேர அட்டவணை வேண்டும். அதற்குக் கோடிகள் தேவையில்லை.

10 மாதம் ஐஸ் இல்லாமல் பழகியே ஒரு வெண்கலம் வந்திருக்கிறது. இப்போது கிராமக் குளங்களில் விழுந்து எழப் பழகும் சிறுமிகளுக்கு எத்தனை மாதம் ஐஸ் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பதக்கத்தின் நிறம் இருக்கும்.