தொலைபேசி நிலையத்திலிருந்து கடைசி வீடு வரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது வடகரப்பதி பஞ்சாயத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வீசும் காற்றும், பனைமரங்களும், மழை குறைந்த நிலமும் இப்பகுதியின் அடையாளங்கள். இங்கு வாழும் மக்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களுடைய குழந்தைகளுள் பலர் தமிழ் வழியில் கல்வி கற்கிறார்கள்.

2020 ஜூன் மாதத்தில், நோய்ப்பரவல் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, கேரள அரசு வீட்டிலிருந்தே பயிலும் ஏற்பாட்டைத் தொடங்கியது. மலையாள வழிப் பாடங்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ் மாணவர்களுக்குரிய பாடங்களோ இணையத்தின் வழியே வழங்கப்பட்டன. ஆகவே, எல்லைப்புறத்துத் தமிழ்க் குழந்தைக்கு இணைய வசதி என்பது பொழுதுபோக்குச் சாதனமாக அன்றி, பள்ளிக்கூடத்தின் வாயிலாகவே அமைந்துவிட்டது. நகரத்தில் எளிதாகக் கிடைத்த அவ்வசதி நகரத்துக்கு அப்பாலுள்ள வீடுகளை எட்ட ஏன் நெடுங்காலம் ஆயிற்று என்பதை அறிய, தொலைபேசி நிலையத்தின் வரலாற்றையும் இயக்கத்தையும் சிறிது நோக்க வேண்டும்.

நிலையத்தின் வளர்ச்சி

தொலைபேசி தோன்றிய தொடக்கக் காலத்தில் இருவர் பேச வேண்டுமாயின், அவ்விருவரின் கருவிகளையும் ஒரு கம்பி நேராக இணைக்க வேண்டியிருந்தது. நூறு பேர் ஒருவரோடொருவர் பேச விரும்பினால் 4,950 கம்பிகள் தேவைப்படும். அக்கம்பிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, வேண்டியபோது வேண்டியவரை இணைத்துவிட்டால் நூறு கம்பிகளே போதும். இந்த எளிய சிக்கனமே தொலைபேசி நிலையத்தின் அடிப்படை. இந்தியாவில் 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன.

முதலில் பணியாளர்கள் கையால் இணைப்புக் கொடுத்தனர். பின்னர் அவ்வேலையை யந்திரங்கள் ஏற்றன. ஆனால் யந்திர நிலையங்கள் பெரியவை. மின்னணு நிலையங்களோ குளிரூட்டப்பட்ட அறையை வேண்டி நின்றன. வெப்பமும் புழுதியும் மிகுந்த கிராமத்துக்கு இரண்டும் பொருந்தவில்லை. இக்குறையைப் போக்குவதற்காக 1984-ல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் மத்திய ஆராய்ச்சி அமைப்பு, குளிரூட்டும் வசதியின்றியே இயங்கும் 128 முனைகள் கொண்ட கிராமத் தொலைபேசி நிலையத்தை உருவாக்கிற்று. அது 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கியது. இந்தியக் கிராமங்களுக்குத் தொலைபேசியைக் கொண்டு சேர்த்ததில் இச்சிறு நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

செம்புக் கம்பியும் தூரமும்

நாம் தொலைபேசியில் பேசும்போது, வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையிலான அதிர்வுகளே கம்பி வழியே செல்கின்றன. அதே கம்பி அதனினும் மிக உயர்ந்த அதிர்வுகளையும் தாங்கிச் செல்ல வல்லது. குரலுக்கு மேற்பட்ட அந்தப் பகுதியில், வினாடிக்குப் பதினொரு லட்சம் அதிர்வுகள் வரை பயன்படுத்தி, இணையச் செய்திகளை அனுப்பும் முறையே முதலில் பரவிய பிராட்பேண்ட். வீட்டில் ஒரு சிறு வடிகட்டி குரலையும் இணையத்தையும் பிரித்துக் கொடுக்கும். புதிய கம்பி போடாமல் பழைய கம்பியாலேயே இரட்டைப் பயன் கிடைத்ததால், 2005-க்குப் பின் நகரங்களில் இம்முறை விரைவாகப் பரவிற்று.

ஆயினும் இயற்கை இங்கு ஒரு வரம்பை விதித்திருக்கிறது. செம்புக் கம்பியில் அதிர்வு உயர உயர, அது தேய்ந்து மறையும் வேகமும் அதிகரிக்கும். நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்குத் தாராளமாகக் கிடைக்கும் வேகம், மூன்று கிலோமீட்டரில் வெகுவாகக் குறைந்துவிடும்; ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் மிகச் சொற்பமே மிஞ்சும். குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும், இணையம் வராது. நகரத்தில் வீடுகள் நிலையத்தைச் சூழ்ந்து நெருக்கமாக இருக்கின்றன. தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே வீடுகள் சிதறிக் கிடக்கும் சித்தூர்க் கிழக்குப் பகுதி போன்ற இடங்களிலோ, கம்பியின் நீளமே தடையாகிவிடுகிறது. ஒரே கட்டணம் செலுத்தும் இருவர், நிலையத்திலிருந்து உள்ள தூரத்தின் காரணமாகவே வெவ்வேறு வேகம் பெறுகின்றனர்.

இதற்கிடையே தேவையும் உயர்ந்துகொண்டே வந்தது. 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் வேகத்தைப் பிராட்பேண்ட் என ஏற்றது. 2023-ல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. நீண்ட செம்புக் கம்பியால் இவ்வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

ஒளி செல்லும் கண்ணாடி இழை

இத்தடையை நீக்கியது கண்ணாடி இழை. 1966-ல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்துவந்த சார்லஸ் காவோ என்னும் விஞ்ஞானி, கண்ணாடியிலுள்ள அசுத்தங்களே ஒளியை விழுங்குகின்றன என்று காட்டினார். ஒரு கிலோமீட்டர் சென்றபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியேனும் எஞ்சுமானால் செய்திப் போக்குவரத்துக்கு அது போதும் என்பது அவர் கணக்கு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த அளவை எட்டியது. இன்றைய இழையில் பதினைந்து கிலோமீட்டர் சென்ற பிறகும் ஏறத்தாழப் பாதி ஒளி எஞ்சியிருக்கிறது! காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழையை, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. இருபது கிலோமீட்டர் வரை வேகம் குறைவதில்லை. வீடுகளிலிருந்து திரும்பிவரும் செய்திகள் ஒன்றோடொன்று மோதாதபடி, ஒவ்வொரு வீட்டுக்கும் வினாடியின் நுண்ணிய பங்கு ஒதுக்கப்படுகிறது. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சும் விவசாயிகளுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும். மேலும், கண்ணாடியில் மின்சாரம் பாய்வதில்லையாதலால், இடி மின்னல் காலத்தில் கம்பி வழியே வந்து கருவிகளைக் கருக்கும் மின்னழுத்தம் இழை வழியே வருவதில்லை.

எல்லாக் கிராமப் பஞ்சாயத்துகளையும் இழையால் இணைப்பதென மத்திய அரசு 2011-ல் முடிவு செய்தது. பாரத்நெட் என்று இன்று அழைக்கப்படும் அத்திட்டத்தில், முழுமையாக இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டமாக 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது, மலைகள் சூழ்ந்த இடுக்கி மாவட்டமே. 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே இழைகளைக் கொண்டுசென்று, அரசு அலுவலகங்களுக்கும் இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கும் இணைப்பு அளிப்பது அதன் நோக்கம். மின்கம்பம் எட்டிய இடத்துக்கெல்லாம் இணையமும் எட்டலாம் என்பது இதன் சிறப்பு.

இழையோடு கொண்டுசெல்ல வேண்டியவை

ஆயினும் இழை கொண்டுவராத ஒன்று உண்டு, அது மின்சாரம். பழைய தொலைபேசி நிலையம் கம்பி வழியே 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பியது. நிலையத்தில் மின்கலங்களும் டீசல் யந்திரமும் இருந்தன. ஊரெல்லாம் இருண்டாலும், கம்பி அறுந்துபோகாதவரை வீட்டுத் தொலைபேசி பேசிற்று. கண்ணாடி இழையின் முனையிலுள்ள கருவியோ வீட்டு மின்சாரத்தை நம்பியிருக்கிறது. செல்பேசிக் கோபுரமும் அவ்வாறே மின்சாரத்தையும் தன் மின்கலங்களையும் நம்பி நிற்கிறது.

மின்சாரம் போனால் செய்தியும் போகும் என்பதன் பொருளை இடுக்கியின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அறிவர். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் புதையுண்டன. எழுபது பேர் மாண்டும் மறைந்தும் போயினர். கனமழையால் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்த நிலையில், அச்செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டிற்று. மாவட்டம் முழுவதும் இழை இணைப்புப் பெற்றதாக அறிவிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்த இழை, லயத்து வாசலுக்கு வருவதும், புயல் மழையில் உயிரோடு இருப்பதும் வேறு வேறு காரியங்கள்.

பராமரிப்பும் அத்தகையதே. அறுந்த செம்புக் கம்பியை ஊழியர் ஒருவர் கையாலேயே முறுக்கி இணைத்துவிடுவார். மயிரிழை போன்ற கண்ணாடி இழையை இணைப்பதற்கு, அதன் முனைகளை மின்பொறியால் உருக்கி ஒட்டும் யந்திரமும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும். 2020 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகாமிலிருந்து சுமார் 78,000 ஊழியர்கள் விருப்ப ஓய்வு பெற்றனர். இப்போது பல ஊர்களில் உள்ளூர்க் கேபிள் தொழில் நடத்துவோரே வீடுகளுக்கு இழையை இழுத்துப் பராமரிக்கின்றனர்.

எனவே, தூரம் என்ற பழைய தடையை விஞ்ஞானம் வென்றுவிட்டதாயினும், தொலைபேசி நிலையம் செய்துவந்த மற்ற இரு கடமைகளை யாரேனும் ஏற்றாக வேண்டும். பஞ்சாயத்து அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றின் கருவிகளுக்கேனும் மின்கலமோ சூரிய மின்தகடோ அமைத்தல். ஒரு வழி அறுந்தால் மறு வழியே செய்தி செல்லுமாறு இழைகளை வளையமாக இணைத்தல். எல்லைப்புற ஊர்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு இழை இணைக்கும் பயிற்சி அளித்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவில்லாத ஏற்பாடுகள். நகரத்தில் ஒரு மணி நேரம் இணைப்பு அறுந்தால் அது சிறு தொல்லை. வடகரப்பதியின் மாணவிக்கு அது ஒரு நாள் பாடம். மலை லயத்தில் வாழ்பவருக்கு அதுவே உயிர். ஒரு தொடர்பு அமைப்பின் தரத்தை நிலையத்துக்கு அருகிலுள்ள முதல் வீட்டில் அளப்பது வழக்கம். கடைசி வீட்டில் அளப்பதே முறை.