வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள்

நாய் வளர்க்கலாம் என்று ஒரு வீடு முடிவெடுத்ததும் அடுத்து எழும் கேள்வி, எந்த ஜாதி நாய் என்பது. லாப்ரடார் என்றால் சாது, ஜெர்மன் ஷெப்பர்டு என்றால் காவல், பக் என்றால் குழந்தைகளுக்கு ஏற்றது, ராஜபாளையம் என்றால் முரடு என்று ஒரு கணக்கு எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் கணக்கைச் சோதித்து, 2022-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தார்கள். அவற்றில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானவற்றின் மரபணுவையும் ஆராய்ந்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுபடுவதில் இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 விழுக்காடுதான். சொன்னபடி கேட்கும் இயல்பில் இனத்தின் பங்கு ஓரளவு தெரிந்தது. சீண்டினால் சட்டென்று சீறுமா, பொறுத்துப்போகுமா என்பதில் இனம் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தானே!

நாயின் குணத்தில் வளர்ப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அதிலும் பிறந்த சில வாரங்கள் மிக முக்கியமானவை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, 1965-ல் புத்தகமாக எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம்வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது. அப்போது யாரோடு பழகுகிறதோ அவர்களைத் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்கிறது. அதே ஆய்வுக்கூடத்தின் இன்னொரு சோதனையில், உயரமான வேலிக்குள் மனித வாசனையே படாமல் சில குட்டிகளை வளர்த்தார்கள். பதினான்கு வாரம்வரை அப்படியே விடப்பட்டவை, பிறகு எவ்வளவு முயன்றும் மனிதரைக் கண்டு மிரண்டன.

ஆகவே குட்டி வாங்குபவர் கேட்க வேண்டியது, அது எங்கே, யாருடைய கைகளில் அந்த வாரங்களைக் கழித்தது என்பதை. கம்பிக் கூண்டில், மனிதத் தொடுகையே இல்லாமல் வளர்ந்த குட்டி எவ்வளவு உயர்ந்த வம்சமாக இருந்தாலும் அச்சத்தோடு வீட்டுக்கு வரலாம். அச்சப்பட்ட நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகள். கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை ஒரு குட்டி கற்கிறது. அதற்குமுன் தாயிடமிருந்து பிரித்தெடுத்து, "முப்பது நாள் குட்டி சார், இப்பவே பழகினாத்தான் ஒட்டிக்கும்" என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

குட்டியைப் பார்த்தே அது எப்படி வளரும் என்று கணித்துவிடலாமே என்று தோன்றும். மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்ப்பது, பந்தை உருட்டிப் பார்ப்பது என்று பல சோதனைகள் வழக்கில் உள்ளன. ஸ்வீடனில் எட்டு வார ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிகளுக்கு இப்படிப்பட்ட சோதனை வைத்து, அவை வளர்ந்த பிறகு மறுபடி சோதித்தார்கள். குட்டியில் கண்டதை வைத்து வளர்ந்த நாயின் குணத்தைச் சொல்ல முடியவில்லை என்று 1998-ல் எழுதினார்கள். இதனால்தான் முதன்முறை நாய் வளர்க்கப்போகும் வீட்டுக்கு வளர்ந்த நாயே நல்லது என்று உறுதியாகச் சொல்கிறேன். இரண்டு வயது நாயின் குணம் கண்ணெதிரே இருக்கிறது. பூனையைக் கண்டால் என்ன செய்கிறது, பட்டாசுச் சத்தத்துக்கு எங்கே ஓடி ஒளிகிறது, சோற்றுத் தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா என்பதெல்லாம் காப்பகத்தில் அதைப் பராமரிப்பவருக்குத் தெரியும்.

குணத்துக்கு இனம் அவ்வளவாக உதவாது. உடம்புக்கு உதவும். நம் ஊரில் அதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். அது உடலைக் குளிர்விக்கப் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு வேகவேகமாக மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூக்கின் உள்ளே சுருள்சுருளான மெல்லிய எலும்புகளின் மேல் ஈரச் சவ்வு படர்ந்திருக்கும். அதன் மீதும் நாக்கின் மீதும் காற்று பாயும்போது ஈரம் ஆவியாகி ரத்தம் குளிர்கிறது. பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த இடமே சுருங்கிவிட்டது. மூக்குத் துளை ஒடுங்கி, அண்ணத்தின் மென்தசை நீண்டு மூச்சுவழியில் தொங்குகிறது. நாம் கேட்டு ரசிக்கும் அவற்றின் குறட்டை, மூச்சுக்குத் திணறும் சத்தம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் ஆவியாவதும் குறைகிறது. நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகி உயிருக்கே ஆபத்து. மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மூக்கு இல்லாத நாய்களை வைத்துக் குட்டி எடுப்பதை நெதர்லாந்து தடுத்துவிட்டது. இங்கோ 2003-ல் ஒரு செல்பேசி விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்து ஊரெங்கும் அதை வாங்கினார்கள். சைபீரியக் குளிருக்காக இரட்டை ரோமம் தாங்கிய ஹஸ்கியை மே மாதத்து மதுரையில் வளர்ப்பதும் கொடுமைதான்.

வெயிலுக்குப் பழகிய நாய்கள் நம்மிடமே உண்டு. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் முயல் துரத்திய வேட்டை நாய்கள்; ஓட இடம் வேண்டும், இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் அடைத்தால் தவித்துப்போகும். ராஜபாளையம் நாயின் பால்வெள்ளை நிறத்தை விரும்புபவர்கள் அதன் காதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். செவியின் கேட்கும் செல்களை உயிரோடு வைத்திருக்க அவை தேவை. அவை அங்கே போய்ச் சேராத குட்டி சில வாரங்களில் செவிடாகிவிடுகிறது. குட்டி தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாதபடி பின்னாலிருந்து சத்தம் எழுப்பிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மருத்துவச் சோதனை உண்டு.

என் மனம் சாய்வது தெருவில் பிறந்த நாட்டு நாயின் பக்கம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. உணவு தந்த புதியவரைவிட, தலையைத் தடவிக் கொடுத்த புதியவரிடமே அவை விரைவாக நம்பிக்கை வைத்தன என்று 2017-ல் கண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த அவர்களின் இன்னொரு ஆய்வு மனத்தை உலுக்குகிறது: அவர்கள் தொடர்ந்து கவனித்த 364 தெருக்குட்டிகளில் ஏழு மாத வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் பெரும்பாலானவை மனிதரால் ஏதோ ஒரு வகையில் இறந்தன.

அதற்காக எந்தத் தெருநாயையும் பிடித்து வந்து கதவைச் சாத்திவிடக் கூடாது. சுற்றித் திரிந்தே வளர்ந்த நாய்க்கு நான்கு சுவர் சிறையாகலாம். சென்னை ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் விபத்திலிருந்து மீண்டவை, வீட்டில் வளர்ந்து பிறகு கைவிடப்பட்டவை என்று மனிதரோடு பழகிய நாய்கள் இருக்கின்றன. கம்பிக்கு அப்பாலிருந்து தானாக உங்களிடம் வருவது எது என்று பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாகத் தினமும் சோறு வைக்கப்போகும் அம்மாவோ பாட்டியோ, போய்ப் பார்க்க வேண்டும்.

காப்பகம் ஒப்புக்கொண்டால் முதலில் சில நாட்கள் மட்டும் வீட்டில் வைத்திருந்து பாருங்கள். அமெரிக்கக் காப்பகங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், ஓரிரு இரவு வீட்டில் தங்கிய நாய்களின் உடலில் மனஅழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் குறைந்தது. திரும்பிப் போனதும் பழைய அளவுக்கே ஏறியது. கூண்டின் இரைச்சலில் நடுங்கும் நாய், வீட்டில் வேறு நாயாக இருக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள். கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி நம் ஊரில் சாதாரணம். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையே பெரும்பாலும் போதும்.